டின் பட்டாணிக்கு மட்டும் ஏன் வரி? நிதி அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்க நிதி அமைச்சர் அவர்களுக்கும் நாடாளுமன்ற நிதிக்குழு உறுப்பினர்களுக்கும், வணக்கம்.

வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீடு 2014-இல் நம் நாட்டுக்கு 0.63 அளவில் இருந்தது. உலகிலேயே மிக மோசமான நிலைகளில் ஒன்று. இதைப் பேசும்போதெல்லாம் இருண்ட எதிர்காலக் கதைகளில் வரும் மதில்களையும் கோபுரங்களையும் உவமை சொல்கிறார்கள். ஆனால் எச்.ஜி. வெல்ஸ் 1895-இல் எழுதிய 'தி டைம் மெஷின்' நாவலில் மனித குலம் ஒரே நாளில் பிளக்கவில்லை. உழைப்பவரும் அனுபவிப்பவரும் தலைமுறை தலைமுறையாக விலகி, கடைசியில் இரண்டு இனங்களாகிறார்கள். அப்படி விலக்குகிற சின்ன விதிகளில் சில 1991-ஆம் ஆண்டு மதிப்புக்கூட்டு வரி (வாட்) சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பி பகுதியில், அதாவது வரியில்லா உணவுகளின் பட்டியலில், இருக்கின்றன.

பிரவுன் பிரெட், மீலி மீல் என்னும் மக்காச்சோள மாவு, அரிசி, பருப்பு, முட்டை, டின் பில்ச்சர்ட் மீன் ஆகியவற்றுக்கு வரி இல்லை. இது நல்ல பட்டியல்தான். ஆனால் இதை எழுதியவர்கள் ஏழைக்கு நேரம் நிறைய இருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். காய்ந்த சுகர் பீன்ஸுக்கு வரி இல்லை. டின் பீன்ஸுக்கு 15 சதவீதம். காய்ந்ததை இரவே ஊறவைத்து, மறுநாள் இரண்டு மணி நேரமாவது வேகவைக்க வேண்டும். 1.5 கிலோவாட் மின் அடுப்பைப் பாதி அளவில் வைத்தாலும் 1.5 யூனிட் ஓடும், அந்த மின்சாரத்துக்கும் 15 சதவீத வாட் உண்டு. விடியுமுன் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து பஸ் ஏறி, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர் எப்போது பீன்ஸ் கறி வைப்பார்? இன்னொன்று: உறைந்த பட்டாணிக்கு வரி இல்லை. ஃப்ரீஸர் இல்லாதவர் வாங்கும் டின் பட்டாணிக்கு உண்டு. இது எங்களுக்குச் சற்றும் பொறுக்கவில்லை.

கோழிக்கும் முழு வரி. 100 ராண்ட் கொடுத்து வாங்கும் பையில் 13 ராண்ட் 4 சென்ட் வாட். உறைந்த கோழித் துண்டுகளில் 15 சதவீதம் வரை உப்புநீர் ஏற்ற விதி இடம் தருகிறது. ஆக, அந்தத் தண்ணீருக்கும் வரி கட்டுகிறோம். வரியுள்ள உணவுக்கு மாதம் 1,000 ராண்ட் செலவழிக்கும் குடும்பம் 130 ராண்ட் வாட் கட்டுகிறது. 2025 ஏப்ரலில் ஒரு குழந்தைக்கான உதவித்தொகை 560 ராண்ட்; அதில் கிட்டத்தட்ட கால் பங்கு இப்படியே அரசுக்குத் திரும்புகிறது.

2025 மார்ச் பட்ஜெட்டில் கோழிக்கால், தலை, எலும்பு, குடல் வகைகளுக்கும் டின் காய்கறிகளுக்கும் வரியை நீக்குவதாகச் சொன்னீர்கள். அதே பட்ஜெட்டில் அறிவித்த வாட் உயர்வை ஏப்ரலில் கைவிட்டபோது இதையும் சேர்த்துக் கைவிட்டீர்கள். உயர்வைக் கைவிட்டது சரி. ஆனால் இந்தச் சலுகை தன் காலில் நிற்கக்கூடியது. வெள்ளை பிரெட்டின் வரியை நீக்கினால் வசதியானவருக்கும் லாபம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. கோழிக்காலுக்கு அது பொருந்தாது. அதை யார் வாங்குகிறார்கள் என்பது டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் எந்தக் கசாப்புக் கடைக்காரரைக் கேட்டாலும் தெரியும்.

நீக்கிய வரியைக் கடைகளே விழுங்கிவிடும் என்ற பயம் உண்மையானது. வாட்டுக்குப் பதிவு செய்யாத சிறு டக்‌ஷாப் (பெட்டிக்கடை), மொத்தக் கடையில் கட்டிய வாட்டைத் திரும்பப் பெற முடியாது. எனவே பழைய சரக்கு தீரும்வரை அங்கே விலை இறங்காது. தேதியை இரண்டு மாதம் முன்பே அறிவித்தால் அவர்கள் சரக்கைக் குறைத்துக்கொள்வார்கள். பெரிய கடைகளுக்கு இந்தச் சாக்கு இல்லை. அதே பிராண்ட், அதே எடை: மூன்று மாதம் முன்பும் ஆறு மாதம் பின்பும் என்ன விலை என்று, கடை வாரியாக, வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம் வெளியிடட்டும்.

டின் காய்கறிகளுக்கும் கோழிக்கால், தலை, எலும்பு, குடல் வகைகளுக்கும் வரி நீக்கத்தை அடுத்த பட்ஜெட்டிலேயே, வேறெந்த வரியோடும் கட்டாமல், தனியாகக் கொண்டுவாருங்கள். டின் பீன்ஸ் அந்த வரையறைக்குள் வருமா என்பதையும் சட்ட வாசகத்திலேயே தெளிவாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
டர்பன் தமிழ்க் குடும்பங்கள் சில