ஜல்லிக் குவியலும் பத்து நிமிடப் பாடமும்: குமரி மாவட்டத் தீயணைப்பு வீரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டத் தீயணைப்பு, மீட்புப் பணிகள் துறையின் மாவட்ட அலுவலர், நிலைய அலுவலர்கள், வண்டி ஓட்டுபவர்கள், குழாய் பிடிப்பவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்களுக்கு ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், மாசி மாதத்தில் ஒரு நள்ளிரவு, எங்கள் வீட்டுப் புகைப்புரை தீப்பிடித்தது. வந்து அணைத்தவர்களுக்கு அன்று பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தேனே தவிர, நன்றி சொல்ல வாய் வரவில்லை. அதை இப்போது சொல்லிவிட்டு, கூடவே ஒரு வேண்டுகோளையும் வைக்கிறேன்.

நாங்கள் அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டிப் பிழைக்கிற குடும்பம். கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்துக்காரர்களுக்குப் புகைப்புரை தெரியாமல் இருக்கலாம். ரப்பர் பாலை ஆசிட் விட்டு உறைய வைத்து, மிஷினில் அடித்து, ஷீட்டைக் கம்பில் வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே விறகும் சிரட்டையும் போட்டு நாலைந்து நாள் புகையில் காய வைக்கும் சின்ன அறை அது. தீ புகைய வேண்டும், எரியக் கூடாது. இந்த ஒரு விதியில்தான் எல்லாம் நிற்கிறது. அன்று மறுநாள் வியாபாரி வருவார் என்று என் வீட்டுக்காரர் படுக்கப் போகும் முன் இரண்டு விறகு கூடுதலாகத் தள்ளிவிட்டார். ராத்திரி ஒரு ஷீட் கம்பிலிருந்து நழுவிக் குழியில் விழுந்திருக்கிறது. அப்புறம் என்ன, ரப்பர் உருகிச் சொட்டச் சொட்ட, சொட்டிய இடமெல்லாம் தீ.

நான்தான் 101-க்குப் போன் போட்டேன். "சார், தீப்பிடிச்சிட்டு, வேகம் வாருங்க" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். எந்த ஊர், எந்த வழி, ஒன்றும் சொல்லவில்லை. நீங்களே திரும்பக் கூப்பிட்டீர்கள். "எக்கா, பதறாதுங்க. எங்க வரணும்? ரோட்டுல இருந்து எந்தப் பக்கம்?" நான் சொன்ன அடையாளம், பழைய ரேஷன் கடை. அந்தக் கடை இடிந்து பத்து வருஷம் ஆயிற்று. எங்கள் ஊருக்குள் எல்லோருக்கும் அது இன்னும் ரேஷன் கடை முக்குதான். வெளியே இருந்து வருகிறவருக்கு அங்கே ஒரு வாழைத்தோட்டம்தான் தெரியும்.

வண்டி வந்தது. இடவழி வளைவில் நின்றுவிட்டது. மதில் கட்டுவதற்காக இறக்கிய ஜல்லி பாதி வழியை அடைத்துக் கிடந்தது. யாருடைய ஜல்லி என்று கேட்கிறீர்களா? எங்களுடையதுதான். பக்கத்து வீட்டு மைனி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், வண்டி போக வழி விடுங்கள் என்று. உங்கள் ஆட்கள் ஒரு வார்த்தை சலித்துக்கொள்ளாமல், குழாய்ச் சுருள்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி, ஒன்றோடொன்று மாட்டி, தண்ணீரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். புகைப்புரை போயிற்று. அதற்கும் அடுக்களைக்கும் நடுவே ஆறடிதான். அடுக்களை தப்பியது.

நான் எழுத வந்தது இதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. தீ அணைந்து, கிளறிக் கிளறித் தண்ணீர் விட்டு, விடியப் போகிற நேரம். ரப்பர் அணைந்த மாதிரி இருந்துவிட்டு மறுபடி கிளம்பும் என்று காத்திருந்தார்கள். கொஞ்சம் வயதான வீரர் ஒருவர் அடுக்களைப் படியில் உட்கார்ந்தார். சீனி வேண்டாம் என்று கட்டன் சாயா வாங்கிக் குடித்தார். குடித்துக்கொண்டே பேசினார். அதட்டலும் இல்லை, பிரசங்கமும் இல்லை. "அடுத்த புரை கட்டும்போது தீக்குழிக்கு மேல கம்பி வலை ஒண்ணு போடுங்க. ஷீட் விழுந்தாலும் தீயில விழாது" என்றார். "கிணத்துல மோட்டார் இருக்கு, ஆனா ஓஸ் செடிக்குத் தண்ணி விடத்தான் இருக்கு. புரை வரைக்கும் எட்டுற மாதிரி வாங்கி வைங்க" என்றார். எழுந்து உள்ளே போய் கேஸ் டியூபைத் திருப்பிப் பார்த்தார். அதில் வருஷம் அச்சடித்திருக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டிய டியூப், எங்களுடையது எட்டு வருஷம் ஓடியிருந்தது. மொத்தம் பத்து நிமிடம் இருக்கும். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. என் ஆயுளில் தீயைப் பற்றி எனக்குக் கிடைத்த உருப்படியான பாடம் அந்தப் பத்து நிமிடம்தான்.

அந்தப் பத்து நிமிடத்தைத் தீப்பிடிக்கும் முன்னால் தாருங்கள். இதுதான் என் வேண்டுகோள்.

நீங்கள் விழிப்புணர்வு நடத்துவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் என்று வருஷம் தவறாமல் நடக்கிறது. 1944-ல் அதே ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சுப் பொதியும் ஏற்றி நின்ற ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பல் தீப்பிடித்து வெடித்தது. அணைக்கப் போன வீரர்கள் 60 பேருக்கு மேல் அதில் இறந்தார்கள். அவர்கள் நினைவாக அந்த வாரம். அதை மாற்றச் சொல்ல நான் யார்? ஆனால் எங்கள் ஊரின் தீக்கு வேறு பஞ்சாங்கம். ரப்பர் மரம் மார்கழி, தை மாதங்களில் இலையை உதிர்க்கும். மாசி வெயிலில் தோட்டம் முழுக்கச் சருகு மொறுமொறு என்று கிடக்கும். ஒரு பீடித் துண்டு போதும். ஏப்ரலில் நீங்கள் வரும்போது கோடை மழை தலைகாட்டி, சருகும் நனைந்துவிடும். பிள்ளைகள் பரீட்சை முடிந்து மாமா வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

வேறு காலங்களும் இருக்கின்றன. மார்கழியில் கிறிஸ்துமஸ் குடில் கட்டாத தெரு மேற்குப் பக்கம் உண்டா? வைக்கோல், காய்ந்த புல், காகித நட்சத்திரம், நடுவில் போன வருஷத்து சீரியல் பல்பு, ஒட்டுப்போட்ட வயர். ராத்திரி முழுக்க எரியவிட்டுத் தூங்கிவிடுகிறோம். கொடைத் திருவிழா நடக்கிற கோவில்களில் ஓலைப் பந்தலுக்குப் பக்கத்திலேயே ஜெனரேட்டர், அதற்குப் பக்கத்திலேயே டீசல் கேன். ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும்போது குப்பைக்கு யாராவது தீ வைத்தால் அது அவர்கள் குப்பையோடு நிற்குமா? 2021 ஜூனில் மண்டைக்காடு பகவதி அம்மன் கோவில் கருவறைக் கூரை எரிந்த காலையில் எங்கள் ஊரில் சர்ச்சுக்குப் போகிறவர்கள்கூடச் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு வாரம் எல்லோரும் தீயைப் பற்றியே பேசினோம். ஊரடங்குக் காலம், அப்போது யாரும் வர முடியாதுதான். ஆனால் காது திறந்திருக்கிற வாரம் என்று ஒன்று உண்டு. அதைப் பிடித்துக்கொண்டால் ஒரு வருஷத்துப் பாடத்தை ஒரு சாயங்காலத்தில் சொல்லிவிடலாம்.

பிள்ளைகள் படித்த பள்ளியில் முன்பு ஒரு செயல்விளக்கம் பார்த்திருக்கிறேன். மைதானத்தில் ஒரு தகரத் தட்டில் டீசல் ஊற்றிப் பற்றவைத்தார்கள். சிவப்பு சிலிண்டரின் பின்னைப் பிடுங்கி, கைப்பிடியை அழுத்த, வெள்ளைப் பொடி பீய்ச்சி தீ அணைந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் பிடித்தது. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால், எங்கள் தெருவில் எந்த வீட்டில் அந்தச் சிவப்பு சிலிண்டர் இருக்கிறது? ஒன்றிலும் இல்லை.

மழைக்காலத்துக்கு முன்னால் குளத்தங்கரையில் நீங்கள் நடத்துகிற வெள்ள மீட்பு விளக்கம் அப்படி இல்லை. காலித் தண்ணீர்க் கேன், பிளாஸ்டிக் குடம், வாழைத்தண்டு. இவற்றை வயிற்றில் கட்டிக்கொண்டு மிதந்து காட்டினீர்கள். என் பையன் வீட்டுக்கு வந்ததும் குடத்தோடு குளத்துக்குக் கிளம்பிவிட்டான், பிடித்து இழுத்து வர வேண்டியிருந்தது. அந்தப் பாடம் ஏன் மனதில் நின்றது? கையில் இருக்கிற சாமானை வைத்துச் சொன்னீர்கள். தீக்கும் அதே புத்தியோடு வாருங்கள்.

ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் பொரிக்கும்போது சட்டி எண்ணெய் பற்றிக்கொண்டால் பத்தில் எட்டுப் பேர் செம்புத் தண்ணீரைத்தான் எடுப்போம். தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு விரியும், கொதிக்கிற எண்ணெயையும் சேர்த்து முகத்தில் அடிக்கும் என்று சொல்லிக் கொடுங்கள். சொல்வதைவிட, ஒரு சட்டியையும் அதற்குப் பொருந்துகிற மூடியையும் கொண்டுவந்து, அடுப்பை அணைத்து, மூடியைப் பக்கவாட்டில் சறுக்கி மூடிக் காட்டுங்கள். அதை எங்களில் ஒருத்தியைச் செய்ய வையுங்கள். கேஸ் கசிந்தால் அது காற்றைவிடக் கனம், தரையோடு தவழும், அதனால் ஜன்னலோடு கதவையும் திறக்க வேண்டும், லைட் சுவிட்சைப் போடவும் கூடாது அணைக்கவும் கூடாது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கேஸ் கசிந்தால் கூப்பிட வேண்டிய 1906 என்ற எண் சிலிண்டர் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் பீரோவில் இருக்கிறது.

தீப்புண்ணைப் பற்றிச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். 2011 கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே படிப்பறிவு அதிகமான மாவட்டம் நம்முடையது, 90 விழுக்காட்டுக்கு மேல். கை சுட்டுக்கொண்டால் தேய்ப்பது என்னவோ டூத் பேஸ்ட். குழாயடியில் இருபது நிமிடம் கையை நீட்டிக்கொண்டிருக்கச் சொன்னால், "அவ்வளவு தண்ணி வீணாகுமே" என்று என் மாமியாரே கேட்டார்.

அப்புறம் போன். இதற்கு ஒரு ஒத்திகையே வேண்டும். நீங்கள் ஒரு முனையில் நின்று கேளுங்கள், நாங்கள் சொல்லிப் பழகுகிறோம்: ஊர், ரோட்டிலிருந்து எந்தப் பக்கம், இடிந்து போகாத ஒரு அடையாளம், உள்ளே ஆள் இருக்கிறதா, எரிவது என்ன, வழியில் நிற்கப் போவது யார். நீங்கள் சொல்லும்வரை போனை வைக்கக் கூடாது என்பதையும். களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கத்தில் கைப்பேசி அடிக்கடி கேரள டவரைப் பிடித்துக்கொள்கிறது. அந்த ஊர்களுக்கு நிலையத்தின் நேர் எண்ணைக் கதவில் ஒட்டுகிற அளவில் அச்சடித்துக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

எங்கே வந்து சொல்வது என்று கேட்பீர்கள். கூட்டம் சேர்க்க நீங்கள் மெனக்கெட வேண்டாம். இந்த மாவட்டத்தில் கூட்டத்துக்கா பஞ்சம்? மகளிர் குழு கூடுகிறது, சர்ச்சின் அன்பியக் குழு கூடுகிறது, ஜமாத் கூடுகிறது, கோவில் கமிட்டி சண்டை போடுவதற்காகவாவது கூடுகிறது. அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், நூறு பெண்கள் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து பருப்பு உடைக்கிறார்கள். முந்திரித் தோட்டில் இருக்கிற எண்ணெய் எப்படிப் பற்றும் என்று அவர்களுக்குத் தெரியும். வெளியேறும் கதவுக்கு முன்னால் மூட்டை அடுக்கக் கூடாது என்று முதலாளிக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் சிரமமும் எனக்குத் தெரியாமல் இல்லை. தீ ஒரு பக்கம் இருக்கட்டும், கிணற்றில் விழுந்த மாட்டை எடுக்கவும் கூப்பிடுகிறோம், அடுக்களையில் புகுந்த பாம்புக்கும் கூப்பிடுகிறோம், கடந்தல் (குளவி) கூட்டுக்கும், விரலில் சிக்கிய கல்யாண மோதிரத்துக்கும்கூடக் கூப்பிடுகிறோம். இதற்கு நடுவில் ஊர் ஊராக வகுப்பு எடுக்க ஆள் எங்கே? அதனால்தான் சொல்கிறேன், வண்டியோடு ஏழு பேர் வர வேண்டாம். ஒருவர் பைக்கில் வந்தால் போதும். ஒரு குழுவில் இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் மற்றவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொள்வோம். வட்டிக் கணக்கையே சொல்லிக் கொடுத்திருக்கிறோம், இது முடியாதா?

வரும்போது அளக்கிற டேப் ஒன்றும் கொண்டுவாருங்கள். சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் நெருக்கியடித்து வாழ்கிற மாவட்டம் இது. வீட்டைப் பெரிதாக்கும்போதெல்லாம் மதிலை ஒரு சாண் வெளியே தள்ளித்தான் கட்டுகிறோம். எந்த இடவழியில் பெரிய வண்டி நுழையும், எதில் நுழையாது, எந்தக் குளத்தில் கோடையிலும் தண்ணீர் கிடக்கும், எந்த வளைவில் கம்பம் இடிக்கும் என்று வார்டு வாரியாக ஒரு தடவை நடந்து பார்த்து எழுதி வைத்துக்கொண்டால், நள்ளிரவில் வாழைத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது. கூட நடந்து காட்ட ஊரில் ஆள் உண்டு. நானே வருவேன்.

எங்கள் மகளிர் குழு ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு மாலை மூன்று மணிக்கு, சிலுவை நிற்கிற குருசடிக்குப் பக்கத்து அங்கன்வாடியில் கூடுகிறது. போன கூட்டத்தில் எல்லோரையும் அவரவர் கேஸ் டியூபில் அச்சடித்திருக்கும் வருஷத்தைப் பார்த்து வரச் சொன்னேன். பாதிப் பேர் எழுத்து அழிந்துபோயிருக்கிறது என்றார்கள். அழிகிற அளவுக்குப் பழசு என்றுதானே அர்த்தம்?

ஜல்லியை எடுத்துவிட்டோம். வளைவை அளந்து பார்த்தேன், பத்தடி இருக்கிறது. புதுப் புரையில் கம்பி வலை போட்டாயிற்று, ஓஸ் அங்கே வரை எட்டுகிறது. வலையின் கண் இன்னும் சின்னதாக இருக்க வேண்டுமோ என்று ஒரு சந்தேகம். அந்தப் பெரியவர் இன்னும் வேலையில் இருந்தால் அவரையே அனுப்புங்கள். பார்த்துச் சொல்லட்டும். சீனி போடாமல் சாயா தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ரப்பர் விவசாயி வீட்டுப் பெண்,
அருமனைப் பக்கம்