குடம்புளி மாத்திரை

தக்கலை,
ஞாயிறு

அன்புள்ள மக்கா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மகளுக்கு உடம்பு சரியில்லை. இப்போது தேவலை, பயப்படாதே.

மூன்று வாரமாக ராத்திரி தூக்கமில்லாமல் நடந்துகொண்டே இருந்தாள். பரீட்சை பயம் என்று நினைத்துவிட்டோம். ஒரு நாள் காலையில் அடுக்களையில் வந்து நின்று, "அப்பா, பிடிச்சுப் பாருங்க" என்று மணிக்கட்டை நீட்டினாள். நாடி அப்படித் துடிக்கிறது. அப்புறம்தான் அலமாரியில் சுடிதார்களுக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தாள். எடை குறைக்கும் கேப்சூல். இன்ஸ்டாகிராமில் பார்த்து வாங்கியதாம்.

லேபிளில் கார்சினியா என்று போட்டிருந்தது. அது நம்ம குடம்புளிதான் மக்கா! உன் அம்மா மீன்கறிச் சட்டியில் போடுவார்களே, புகையேறிக் கறுத்த அந்தப் புளி. "வீட்டுல உள்ள புளிதானேப்பா, என்ன செய்யும்னு நினைச்சேன்" என்றாள். 135 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்தப் புளியின் அமிலத்தையும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையையும் 12 வாரம் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1998-லேயே வந்திருக்கிறது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அமிலம் சாப்பிட்டவர்களுக்கு எடை கூடுதலாகக் குறையவில்லை. இந்த மாதிரி டப்பாக்கள் சிலவற்றில் லேபிளில் சொல்லாமல் சிபுட்ரமின் கலந்திருந்ததும் பிடிபட்டிருக்கிறது என்றார் டாக்டர். மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010-ல் அமெரிக்காவில் விற்பனையை நிறுத்திய எடை குறைப்பு மருந்து அது. கேட்டதும் எனக்குக் கைகால் ஓடவில்லை. கேப்சூலை நிறுத்தி ஐந்தாம் நாள்தான் பிள்ளை ஒழுங்காகத் தூங்கினாள்.

அவள் உயரம் 160 செ.மீ., எடை 56 கிலோ. குறைக்க வேண்டிய எடையே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிறகு ஏன்? ஒரு நிச்சயதார்த்த வீட்டில், "நல்லா தடிச்சிட்டியே பிள்ளே, இனி மாப்பிள்ளை பார்க்கண்டாமா?" என்று சொந்தக்காரி ஒருத்தி எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். சிரித்தேன். அந்தச் சிரிப்பு அவளுக்கு மறக்கவில்லை. டாக்டரிடம் போனால் வீட்டுக்குத் தெரியும், பார்சலில் வந்தால் யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான் அவள் கணக்கு. அவள் கூடப் படிக்கும் பிள்ளைகளும் இதைத்தான் செய்கிறார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

கோட்டாறு திருவிழாவுக்கு நீ வருவாய் அல்லவா? அவளைப் பார்த்ததும் "தடிச்சியா, மெலிஞ்சியா" என்றுதான் நீ ஆரம்பிப்பாய். பாசத்தில் கேட்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தத் தடவை வேண்டாம் மக்கா. படிப்பைக் கேள். நல்ல சாளை கிடைத்தால் உனக்கு அவளே குடம்புளி போட்டுக் கறி வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

உன் நண்பன்