மணலைச் சமன் செய்த அண்ணன்களுக்கும், சீஷெல்ஸ் தலைநகர் விக்டோரியாவில் கைகொடுத்தவர்களுக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

2025 மே மாதம் சீஷெல்ஸில் நடந்த ஃபிஃபா கடற்கரைக் கால்பந்து உலகக் கோப்பையைப் பார்க்கத் தனியாக வந்தவள் நான். ஆப்பிரிக்காவில் இந்தக் கோப்பை நடந்தது அதுதான் முதல் தடவை, நேரில் பார்த்தே தீர வேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.

முதலில் நவசக்தி விநாயகர் கோயிலில் பார்த்த அக்காவுக்கு. ஆட்டம் நடக்கும் பாரடைஸ் அரீனாவுக்கு எந்த பஸ் என்று யாரிடமோ ஆங்கிலத்தில் தடுமாறிக்கொண்டிருந்தபோது, "எங்க போகணும்மா?" என்று பின்னாலிருந்து கேட்டீர்களே, அழுகையே வந்துவிட்டது அக்கா. பஸ் ஏற்றிவிட்டு, திரும்பி வர வண்டி இல்லையென்றால் கூப்பிடு என்று நம்பரும் கொடுத்தீர்கள். கூப்பிட வேண்டி வரவில்லை, ஆனால் அந்த நம்பர் கையில் இருந்த தைரியத்தில்தான் தினமும் கடைசி ஆட்டம் வரை உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் பக்கத்து இருக்கை ஐயாவுக்கு. பன்னிரண்டு பன்னிரண்டு நிமிடமாக மூன்று பகுதி, பக்கத்துக்கு ஐந்து பேர், டிரா கிடையாது, ஃப்ரீ கிக்குக்குக் குறுக்கே ஆள் நிறுத்தி மறைக்கக் கூடாது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். மணலில் பந்து சரியாக உருளாது, அதனால்தான் கால்விரலால் கிளப்பி அந்தரத்திலேயே வைத்து ஆடுகிறார்கள் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் பின்னால் சாய்ந்து தலைக்கு மேலே உதைக்கும் அந்த பைசைக்கிள் கிக்குகள் எல்லாம் எனக்குப் புரிந்தன. நானோ அதுவரை வித்தை காட்டுகிறார்கள் என்று நினைத்திருந்தேன்!

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே மணலை வாரிச் சமன் செய்த அண்ணன்களுக்காகத்தான். ஒரு பகுதி முடிந்தால் களம் முழுக்கக் குழியும் மேடுமாகக் கிடக்கும், ஒரு சின்ன மேட்டில் பந்து பட்டுத் திசை மாறினாலும் கோல்கீப்பர் பாவம், ஒன்றும் செய்ய முடியாது. ஆடுகிறவர்கள் வெறுங்காலோடு ஆடுகிறார்கள், ஒரு கிளிஞ்சல் துண்டு கிடந்தால் போதும், பாதம் கிழிந்துவிடும். நீங்கள் வாருகோலை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் மணலைப் பாய் விரித்த மாதிரி ஆக்கிவிட்டுப் போவீர்கள். உங்கள் நாட்டு அணி முதல் தடவையாக உலகக் கோப்பையில் ஆடுகிறது, மனசெல்லாம் அங்கேதான் இருந்திருக்கும், ஆனாலும் எதிரணி கோல்கீப்பர் நிற்கப்போகும் பக்கத்தையும் அதே அக்கறையோடுதான் வாரினீர்கள். அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

மே 11, இறுதி ஆட்டம். பெலாரஸை 4-3 என்று வென்று பிரேசில் ஏழாவது ஃபிஃபா கோப்பையைத் தூக்கியபோது எல்லா கேமராவும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. என் போன் மட்டும் ஓரத்தில் வாருகோலைத் தோளில் சாய்த்துக் கைதட்டிக்கொண்டிருந்த உங்கள் பக்கம் இருந்தது. அந்தப் படங்களை அக்காவின் நம்பருக்கு அனுப்பியிருக்கிறேன், மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.