கட்டிலுக்கு அடியிலேயே இருக்கட்டும் மல்லி

அன்புள்ள மல்லிக்கு,

நீ எழுதியதை வியாழக்கிழமையே படித்துவிட்டேன். பதில் எழுதத்தான் மூன்று நாள் ஆகிவிட்டது. இங்கே கடலை பிடுங்குகிற வேலை, ஆள் கிடைக்காமல் நானும் வீட்டுக்காரரும் அத்தையும்தான் கொடியை உதறிக் காய் ஆய்ந்துகொண்டிருக்கிறோம், ராத்திரியானால் விரலை மடக்கவே முடிவதில்லை. பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனம்) வாய்க்காலில் இந்தச் சுற்று எங்கள் மடை வரைக்கும் தண்ணீர் வந்ததால் ஏதோ காய் பிடித்திருக்கிறது. பெரியவளுக்குப் பெருந்துறையில் வேலை கிடைத்துவிட்டது, வாரம் ஒருமுறை வருகிறாள். மற்றபடி எல்லாரும் நலம்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். காப்பகத்திலிருந்து நீ கூட்டி வந்த நாய் பிஸ்கட் வந்து ஒன்பது நாளாகியும் கட்டிலுக்கு அடியை விட்டு வரவில்லை, பகலில் தட்டைத் தொடுவதில்லை, பாப்பா கையை நீட்டினால் உறுமுகிறான், நாங்கள் அவனுக்கு ஏற்ற வீடு இல்லையோ, காப்பகத்திலேயே திருப்பி விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. விட்டுவிடாதே மல்லி. ஒன்பது நாள் என்பது ஒன்றுமே இல்லை. இதை வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை, எங்கள் நாய் செவலை வந்த கதையை உன்னிடம் முழுசாக எப்போதும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

போன வருஷம் மாசியில் கோயமுத்தூரில் ஒரு காப்பகத்திலிருந்துதான் அவளைக் கூட்டி வந்தோம். பல்லைப் பார்த்து நாலு வயசு இருக்கும் என்றார் டாக்டர். காது நுனியில் சின்ன வெட்டு, கருத்தடை செய்த நாய் என்று தெரிவதற்காக ஆபரேஷன் மயக்கத்திலேயே வெட்டிவிடுவார்களே, அது. பின்னங்கால் ஒன்றை லேசாக இழுத்து நடப்பாள். ஆனால் எனக்கு இன்றைக்கும் கண்ணை விட்டுப் போகாதது அவள் கழுத்துதான். சுற்றிலும் விரல் அகலத்துக்கு முடியே முளைக்காத ஒரு வளையம். குட்டியில் கட்டிய சங்கிலியைக் கழுத்து பெருத்த பிறகும் யாரும் தளர்த்தவில்லை, அது சதைக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. யார் வீட்டில் இருந்தாளோ, தெரியாது. இப்போது அந்த இடத்தைத் தடவினால் கண்ணை மூடிக்கொள்கிறாள். முதல் நாலு மாசம் அங்கே கையே வைக்க முடியாது.

வந்த அன்றைக்குக் காரிலிருந்து இறங்கியதும் நேராகத் தவிட்டு மூட்டை அடுக்கியிருக்கிற ரூமுக்குள் போய், மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்துகொண்டாள். பதினோரு நாள் அங்கேதான். ராத்திரி நாங்கள் விளக்கை அணைத்த பிறகு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள், காலையில் தட்டு காலியாக இருப்பதைப் பார்த்துத்தான் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன். நான் செய்த முட்டாள்தனம், மணிக்கு ஒரு தடவை போன் லைட்டை அடித்துக்கொண்டு போய்க் குனிந்து பார்ப்பேன், தோ தோ என்று கூப்பிடுவேன், பிஸ்கட்டை நீட்டுவேன் (தின்கிற பிஸ்கட்டைச் சொல்கிறேன்). அவள் நடுங்குவாள். நடுங்குகிறாளே என்று நான் இன்னும் பக்கத்தில் போவேன்.

ஒருநாள் அத்தைதான் சொன்னார்கள். "அதைச் சித்தெ சும்மா உடு கண்ணு. நீ இந்த ஊட்டுக்கு வந்த புதுசுல மூணு நாளு அடுப்படிய உட்டு வெளிய வல்ல. நாங்க வந்து வந்து எட்டிப் பாத்தமா?" எனக்குச் சுருக்கென்றது. நிஜம்தான், அப்போது யாராவது என்னை வா வா என்று இழுத்திருந்தால் அழுதிருப்பேன். பெற்ற அம்மா வீட்டிலிருந்து, தெரிந்தவர்கள் வீட்டுக்கே வந்த எனக்கு அப்படி என்றால், மனுஷக் கையிலிருந்து அடியைத் தவிர வேறொன்றும் வாங்காத ஒரு ஜீவனுக்கு எப்படி இருக்கும்?

அதன் பிறகும் ஒரு தப்பு செய்தேன். இரண்டு வாரம் முடிந்து வாசலில் வந்து தின்னப் பழகியிருந்தாள், நான் தின்னும்போதே முதுகைத் தடவினேன். திரும்பிக் கையைக் கவ்விவிட்டாள். தோல் சிராய்த்தது, ரத்தம் வரவில்லை. அவளுக்குத் தடுப்பூசி எல்லாம் போட்டிருந்தது, இருந்தாலும் நான் அசட்டையாக இருக்கவில்லை. குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன், அன்றைக்கு ஒன்று, அப்புறம் 3, 7, 28ஆம் நாள் என்று நாலு தடவை ஊசி. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பிஸ்கட் உறுமுவதைக் கெட்ட குணமாக நினைக்காதே. கடிக்க மனசில்லாமல்தான் உறுமுகிறான். அதற்காக அவனை அதட்டினால் அடுத்த தடவை உறுமாமலே கடிப்பான். பாப்பாவிடம் சொல்லு, கட்டிலுக்கு அடியில் கையை விடவே வேண்டாம், அந்த இடம் அவனுடையது.

அப்புறம் செவலை எப்படித்தான் வந்தாள் என்று கேட்பாய். என்னிடம் வரவில்லை. வேண்டவே வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்காரரிடம்தான் முதலில் வந்தாள். பங்குனி மாசம், மத்தியானம், திண்ணையில் உட்கார்ந்து விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ரூமுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், அவள் ஞாபகமே அவருக்கு இல்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், கதவோரம் மூக்கு மட்டும் தெரிகிறது. தோடு உடைகிற சத்தம் கேட்கக் கேட்கக் காது ஒவ்வொன்றாக நிமிர்கிறது. ஒரு சொத்தைப் பருப்பை அவர் பின்னால் விட்டெறிந்தார். அது தரையில் உருண்டு நின்றது. ரொம்ப நேரம் கழித்து, வயிற்றைத் தரையோடு தேய்த்துக்கொண்டே வந்து, கழுத்தை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். அவர் திரும்பவில்லை. திரும்பாமலே இன்னொன்றை, இந்தத் தடவை நல்ல பருப்பாக, இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போட்டார். இப்படியே ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கடைசியில் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் படுத்துக்கொண்டாள். அவர் அசையவே இல்லை, கால் மரத்துப் போய்விட்டது என்று சாயங்காலம் நொண்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு நான் அடுப்படியில் நின்று அழுதேன் மல்லி.

காப்பகத்துப் பிள்ளைகள் ஒரு கணக்குச் சொல்வார்கள். பயம் தெளிய மூன்று நாள், வீட்டு நடைமுறை பழக மூன்று வாரம், இது நம் வீடு என்று தோன்ற மூன்று மாசம் என்று. கணக்கு எல்லா நாய்க்கும் ஒன்றாக வராது. செவலைக்கு அந்த மூன்று நாளே பதினோரு நாளாகிவிட்டது. எங்கள் தோட்டத்துக்கு வந்த புதிதில் துடைப்பத்தை எடுத்தால் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விடுவாள், ஆடு மேய்க்கிறவர் தொரட்டியோடு வந்தால் காணாமல் போவாள். போன தீபாவளிக்குப் பாத்ரூமில் போர்வையைப் போட்டு, பக்கத்தில் அத்தையே உட்கார்ந்து ரேடியோ பாட வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே இன்னொரு சங்கடமும் உண்டு, உனக்குத் தெரியாதது இல்லை. எங்கள் பக்கம் எல்லாம் கொரங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் காடு), பட்டி ஆடுதான் பாதிப் பேருக்குச் சோறு. வெள்ளகோவில், காங்கேயம், சென்னிமலை சுற்றிலும் நாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போட்டுவிட்டுப் போவதும், செத்த ஆட்டை ரோட்டில் போட்டு விவசாயிகள் மறியல் செய்ததும் பேப்பரில் பார்த்திருப்பாய். பக்கத்துக் காட்டு மாமாவுக்கு ஒரே ராத்திரியில் ஏழு ஆடு போயிற்று. விடியற்காலையில் நானும் போனேன். தொண்டையில் கடிபட்ட ஒரு குட்டி இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, அவர் அதன் தலையைத் தொடையில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய் நாயைக் காப்பாற்றுங்கள் என்று என்னால் சொல்ல முடியுமா? செவலை வந்தபோது "ஏனம்மிணி, ஊருக்குள்ள இருக்கற நாய் பத்தாதா" என்று கேட்டார், அதில் தப்பே இல்லை.

ஆனால் அந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார். டவுனில் ஆசைக்கு வாங்கி, வளர்ந்ததும் சலித்துப்போய், காரில் கொண்டுவந்து வாய்க்கால் மேட்டில் இறக்கிவிட்டுப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டத்திலேயே குற்றம்தான், யார் கேட்கிறார்கள். அதோடு கோழிக் கழிவை மூட்டை மூட்டையாக ரோட்டோரம் கொட்டுகிறார்கள். தின்னக் கிடைக்கிறது, கருத்தடை இல்லை, வருஷத்துக்கு ஒன்றிரண்டு ஈற்று. ஒரு நாயாவது அந்தக் கூட்டத்தில் சேராமல் ஒரு வீட்டில் கருத்தடையோடு, வயிறு நிறைய இருந்தால் அது மாமாவின் ஆட்டுக்கும் நல்லதுதான் என்றுதான் நான் அவரிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் சண்டை போடவும் இல்லை.

அதனால் செவலையை நாங்கள் ஒரு நாளும் பட்டிப் பக்கம் அவிழ்த்து விட்டதில்லை. ஒன்றரை மாசம் தினமும் கயிற்றோடு கூட்டிப்போய், கிளுவை வேலிக்கு இந்தப் பக்கமே உட்கார வைத்து, ஆடு மேய்வதை வெறுமனே பார்க்கப் பழக்கினோம், ஆட்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைத் திரும்பிப் பார்த்தால் ஒரு துண்டு கறி. இன்றைக்கு ஆட்டைக் கண்டால் கொட்டாவி விடுகிறாள். இருந்தாலும் ராத்திரி திண்ணை ரூமில் விட்டுத் தாழ்ப்பாள்தான். எவ்வளவு நல்லவளானாலும் அந்த விஷயத்தில் நான் அவளை நம்பமாட்டேன், நம்பவும் கூடாது.

உனக்கு ஆடு கவலை இல்லை, அபார்ட்மெண்ட் கவலை. அசோசியேஷனில் யாரோ லிப்டில் ஏற்றக்கூடாது என்றார்கள் என்று எழுதியிருந்தாயே, விலங்குகள் நல வாரியம் 2015இலேயே இதற்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது, வளர்ப்பு நாயை வைத்துக்கொள்ளக் கூடாது என்றோ லிப்டில் ஏற்றக் கூடாது என்றோ சங்கம் தடை போட முடியாது. அண்ணனை விட்டு அதை ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுக்கச் சொல்லு. கீழே போகும்போது அள்ளுவதற்கு ஒரு கவர் எடுத்துப் போ, பாதிச் சண்டை அதிலேயே அடங்கிவிடும்.

சாப்பாட்டில் மட்டும் கவனம். நீ அரிசிம்பருப்புச் சாதம் வைத்துப் பார்த்தேன் என்று எழுதியதும் எனக்குத் திக்கென்றது. அதில் சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் போடுவோம் இல்லையா, வெங்காயம் நாய்க்கு ரத்தத்தைக் கெடுக்கும், வைக்காதே. வெறும் சோறு, உப்பு காரம் இல்லாமல் வேகவைத்த கறி, கொஞ்சம் தயிர், போதும். வெந்த கோழி எலும்பு வேண்டாம், ஊசி மாதிரி உடையும். ஈறு வெளுத்திருக்கிறதா என்று முடிந்தபோது பார், உண்ணிக் காய்ச்சல் இருந்தாலும் இப்படித்தான் சோர்ந்து கிடப்பான், சாப்பிடமாட்டான். செவலைக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் அது இருந்தது, நாலு வாரம் மாத்திரை கொடுத்தோம். பகலில் தின்னாமல் ராத்திரி தின்றால் பயம், ராத்திரியும் தின்னவில்லை என்றால் டாக்டர். அதில் தாமதம் வேண்டாம்.

இன்றைக்கு ராத்திரியே உன் பழைய காட்டன் சேலை ஒன்றைத் துவைக்காமல் மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்துவிடு, உன் வாசம் அவனுக்குப் பழகட்டும். அப்புறம் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில், அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதாவது வேலை பார். கீரை ஆய்ந்துகொண்டிரு, போனில் என்னோடு பேசிக்கொண்டிரு. அவனைக் கூப்பிடாதே.

பொங்கலுக்கு எல்லாரும் இங்கே வருகிறீர்கள், அவனையும் கூட்டிக்கொண்டு. வந்ததும் நேராக வீட்டுக்குள் விட வேண்டாம், செவலையை நான் ரோட்டுக்குக் கூட்டி வருகிறேன், இரண்டையும் கயிற்றோடு கொஞ்ச தூரம் பக்கத்தில் பக்கத்தில் நடக்க விட்டுப் பிறகு உள்ளே போகலாம். அதற்குள் அவன் கட்டிலை விட்டு வராவிட்டாலும் பரவாயில்லை, நான் அங்கே வருகிறேன்.

நாளைக்கு மத்தியானம் பஸ்ஸில் வருகிற தம்பியிடம் புதுக் கடலை இரண்டு படி கொடுத்து விடுகிறேன், காயவைத்தது. ஒன்று உங்களுக்கு. இன்னொன்று தரையில் உட்கார்ந்து நீ உரிப்பதற்கு, அவனுக்கு ஒரு நேரத்துக்கு நாலைந்து பருப்புக்கு மேல் வேண்டாம். உப்புப் போடவில்லை.

அன்புடன்,
கோகிலா