தாத்தா ரேடியோவைப் பிளக்கில் சொருகுவதற்கு முன்

காவேரிப்பட்டணம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

"தாத்தா ரேடியோவைத் துடைச்சு வெச்சுட்டேம்பா, நாளைக்கு பிளக்குல சொருகப் போறேன்" என்று நேற்று ராத்திரி நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. சொருகாதே கண்ணு. போனில் காரணம் சொன்னால் பாதிதான் நிற்கும் என்று எழுதுகிறேன்.

1998-ல் பாலக்கோடு பக்கமிருந்து ஒரு பெரியவர் தாத்தா ரேடியோ மாதிரி ஒரு வால்வு செட்டை, அதாவது கண்ணாடிக் குழாய்களால் ஓடும் பழைய ரேடியோவை, துணியில் கட்டி என் ரிப்பேர் கடைக்குத் தூக்கி வந்தார். பன்னிரண்டு வருஷம் பரணில் கிடந்தது. கடையில் அன்றைக்குக் கூட்டம். அவசரத்தில் நேராகக் கரண்ட் கொடுத்துவிட்டேன். பாட்டு வந்தது, அவர் முகமே மாறிப்போனது. ஐந்து நிமிஷம் இருக்கும், 'ஹம்' சத்தம் ஏறிக்கொண்டே போய் டப்பென்று வெடித்தது. கரண்டைச் சேர்த்துவைத்துச் சீராக்கும் ஃபில்டர் கண்டன்சர் வாய் பிளந்து, ஈரக் காகிதமும் அலுமினியத் தகடும் சேசிஸ் என்கிற உள் இரும்புத் தட்டு முழுக்கச் சிதறியது. டிரான்ஸ்பார்மர் கருகிய வாசனை மூன்று நாள் கடையை விட்டுப் போகவில்லை. அதற்குப் புதுக் கம்பி சுற்றி (ரீவைண்டிங்), காசு வாங்காமல் கொடுத்தேன். இறந்துபோன மகன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த செட் அது என்று அப்புறம்தான் சொன்னார். இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

ஃபில்டர் கண்டன்சர் எலக்ட்ரோலிடிக் வகை. அதற்குள் அலுமினியத் தகட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று உண்டு. வோல்ட்டேஜைத் தடுத்து நிறுத்துவது அந்தப் படலம்தான். வருஷக்கணக்கில் கரண்ட் படாமல் கிடந்தால் அது கெட்டுப்போகும், உள்ளே இருக்கும் ஈரமும் காயும். அந்த நிலையில் ஒரேயடியாக 300 வோல்ட் போய் நின்றால் கரண்ட் கசிந்து, சூடேறி, ஆவி கிளம்பி வெடிக்கிறது. தாத்தா டீக்கடையை மூடியது 2006-ல். அன்றிலிருந்து இந்த செட்டுக்குக் கரண்ட் கிடையாது.

முதலில் பின் அட்டையைக் கழற்றிப் பார். எலி கடித்த வயர், உதிரும் ரப்பர் உறை, வீங்கிய கண்டன்சர் எல்லாம் கண்ணுக்கே தெரியும். தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டு, ஈரத்துணி வேண்டாம். மெயின்ஸ் வயரைப் புதிதாகப் போடு, ஃபியூஸ் சரியான அளவா பார். பின்னால் வோல்ட்டேஜ் மாற்றும் கட்டை இருக்கும், அதை 240-ல் வை.

அப்புறம் ஃபில்டர் கண்டன்சர்களை மாற்றிவிடு. மெதுவாகக் கரண்ட் ஏற்றிப் பழையதையே மீட்பவர்களும் உண்டு. ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரே வால்வாக இருக்கும் நம்ம செட் மாதிரி ஒன்றில் அதை நான் நம்பமாட்டேன். அந்த வால்வு சூடேறும் வரை கண்டன்சருக்கு வோல்ட்டேஜே போகாது, போக ஆரம்பித்தால் திடீரென்று நிறையப் போகும். 450 வோல்ட் தாங்கும் புதியது வாங்கு. மைக்ரோஃபாரட் (கண்டன்சரின் கொள்ளளவு) பழைய அளவே இருக்கட்டும், பெரிதாகப் போட்டால் ரெக்டிஃபையர் வால்வு தாங்காது. அதோடு ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வு ஈ.எல்.84-இன் கிரிடுக்கு (சிக்னல் நுழையும் முனைக்கு) போகும் சின்ன காகிதக் கண்டன்சரையும் மாற்று. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது கசிந்தால் வால்வின் பிளேட் சிவக்கும், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும். அந்த டிரான்ஸ்பார்மருக்கு இப்போது எங்கே அலைவது?

சால்டரிங் உனக்குத் தெரியும். எட்டு வயதில் என் பக்கத்தில் டார்ச் பிடித்து நின்றவள் நீ.

இனி சீரிஸ் போர்டு, செட்டுக்கு அளவுக்கு மீறிக் கரண்ட் போகாமல் பல்பால் தடுப்பது. பலகையில் ஒரு ஹோல்டர், ஒரு சாக்கெட். லைன் வயர் பல்பு வழியாகப் போய்த்தான் சாக்கெட்டுக்கு வரும். பழைய 60 வாட் குண்டு பல்புதான் வேண்டும், எல்.இ.டி. இதற்கு உதவாது. முதல் தடவை ரெக்டிஃபையர் வால்வைக் கழற்றிவிட்டு செட்டை ஆன் செய். பல்பு மங்கலாக எரிந்தால் டிரான்ஸ்பார்மர் நலம். ஒரு மணி நேரம் விட்டு, ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கியபின் தொட்டுப் பார். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு கூடாது. அடுத்து வால்வை மாட்டி ஆன் செய். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கவேண்டும். மங்காமல் முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட், உடனே ஆஃப் செய். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவைத்து ஒருபோதும் ஓட்டாதே.

இதைக் கவனமாகப் படி பாப்பா. பல்பு காப்பாற்றுவது செட்டை, உன்னை அல்ல. ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டன்சரில் 300 வோல்ட் உட்கார்ந்திருக்கும். கிளிப் வைத்த 10 கிலோஓம், 5 வாட் ரெஸிஸ்டன்ஸால் இறக்கு. ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதே. மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே விரல் உள்ளே போகலாம். கரண்டோடு அளக்கும்போது இடது கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும். மாப்பிள்ளை வீட்டில் இல்லாத நேரத்தில் தொடவே தொடாதே. நம்ம செட்டில் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி/டிசி செட்டில் சேசிஸே கரண்ட் அடிக்கும். அப்படி ஒன்றை உன்னிடம் நான் கொடுத்தே அனுப்பியிருக்க மாட்டேன்.

அம்மா டிரங்குப் பெட்டியைக் குடைந்து அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க வாங்கவேண்டிய லைசென்ஸ், தாத்தாவின் அந்தப் புத்தகத்தை எடுத்தாள், போஸ்ட் ஆபீஸில் ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுத்தது. அட்டையில் இன்னும் டீக் கறை இருக்கிறது.

இன்று சாயங்காலம் பஸ் பார்சலில் என் சீரிஸ் போர்டும் இரண்டு குண்டு பல்பும் அனுப்புகிறேன். பல்புகளை வைக்கோலில் பொதிந்து, தனிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அடுத்த பெட்டியில் செந்தூரா மாம்பழம், இன்னும் இரண்டு நாள் பழுக்கவேண்டும். போர்டு வந்து சேர்ந்ததும் கூப்பிடு. வீடியோவில் பல்பையும் டயலையும் சேர்த்துக் காட்டு. டயல் விளக்கு எரிவதை நானும் பார்க்கவேண்டும்.

அன்புடன்,
அப்பா