எந்த எடை, எந்தப் பிரிவு? தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியத் தமிழ் நாளிதழ், இணையச் செய்தித் தள ஆசிரியர்களுக்கு வணக்கம்.

"போதைப்பொருளுடன் இளைஞர் கைது, தூக்கு உறுதி" என்று தலைப்புப் போடுவதை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். கோலாலம்பூரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். உங்கள் செய்தியைப் படித்துவிட்டு அலறியடித்து வரும் குடும்பங்களுக்கு முதலில் பதில் சொல்கிறவன் நான்தான்.

தூக்கு உறுதி என்ற காலம் போய்விட்டது. 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தில் கடத்தலுக்கான 39பி பிரிவில் கட்டாய மரண தண்டனை 1983இல் வந்தது. 2018இல் அதில் சின்னதாக ஒரு விலக்கு கொடுத்தார்கள். 2023 ஜூலை 4 முதல் மரணமா, ஆயுள் சிறையா என்பது நீதிபதியின் முடிவு. ஆயுள் என்றால் 30 ஆண்டு, கூடவே 12க்குக் குறையாத பிரம்படி. (பெண்களுக்கும் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் இந்தப் பிரம்படி கிடையாது.)

அடுத்து எடை. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான். போலீஸ் பிடித்த பொட்டலத்தின் எடை வேறு, வழக்கைத் தீர்மானிக்கும் எடை வேறு. ஹெராயின் என்றால், அந்தப் பொடிக்குள் அசல் சரக்கு எவ்வளவு என்று ரசாயனத் துறை பிரித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அது 15 கிராமைத் தொட்டால் கடத்தல் என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். அப்புறம், அப்படியில்லை என்று காட்டுவது பிடிபட்டவர் பாடு. கஞ்சாவுக்கு அந்த அளவு 200 கிராம், ஷாபு என்கிற மெத்தாம்பெட்டமைனுக்கு 50. ஹெராயின் 5 கிராம் முதல் 15க்குள் இருந்தால், வைத்திருந்த குற்றத்துக்கான 39ஏ(2) பிரிவு. அதில் ஐந்து ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள்வரை போகலாம், பத்துக்குக் குறையாத பிரம்படி.

ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில் ஓர் அம்மா கைப்பேசியை நீட்டினார். "தம்பி, 120 கிராம்னு போட்டிருக்காங்க, பதினைஞ்சுக்கே தூக்காமே?" ரசாயன அறிக்கை வந்தபோது ஹெராயின் ஒன்பது கிராம் சொச்சம். வழக்கு 39ஏ(2)க்கு இறங்கியது. அதற்குள் உறவுக்காரர்கள் துக்கம் விசாரிக்காத குறை.

கைதான அன்று போலீஸ் சொல்லும் 39பி, விசாரணைக்கான பிரிவு மட்டுமே. எந்தப் பிரிவில் குற்றம் சாட்டுவது என்பது அரசு வழக்கறிஞர் கையில் இருக்கிறது. 2019இல் கூட்டரசு நீதிமன்றம் தெரிந்தே வைத்திருந்தார் என்ற ஓர் அனுமானத்தின் மேல் இன்னோர் அனுமானத்தை ஏற்றிக் கடத்தல் என்று நிறுவுவதைச் செல்லாது என்றது. இப்படிப்பட்ட தீர்ப்புகளுக்கு உங்கள் பக்கங்களில் எத்தனை வரி கிடைக்கிறது?

போதை விற்கிறவனுக்கு வக்காலத்தா என்பீர்கள். இல்லை. 39ஏ(2) ஒன்றும் லேசானதல்ல, அதில் ஜாமீன்கூடக் கிடையாது. ஆனால் வழக்கு அங்கே இறங்கும்போது "தூக்கிலிருந்து தப்பினார்" என்று எழுதுகிறீர்களே, அது தப்பித்தல் இல்லை. ஆதாரம் எங்கே நிற்கிறதோ அங்கே வழக்கும் நிற்கிறது, அவ்வளவுதான்.

இனி எழுதும்போது, சொல்லும் எடை பொட்டலத்துடையதா ரசாயன அறிக்கையில் உள்ளதா, ஆள் கைது மட்டுமா, குற்றம் சாட்டப்பட்டுவிட்டாரா என்று ஒரு வரி சேருங்கள். தெரியாவிட்டால் எடையையே விட்டுவிடுங்கள். நீதிமன்றத்தில் நிறுத்தப்படும் முன்பே பையனின் முகத்தைப் பெரிதாகப் போடுவதையும் நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
கோலாலம்பூர் குமாஸ்தா ஒருவர்