நுங்கம்பாக்கத்தில் பெண்கள் டென்னிஸ்

அன்புள்ள தோழி,

சென்னை ஓபன் பற்றி விவரமாக எழுதச் சொல்லியிருந்தாய். இறுதி ஆட்டம் முடிந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வீட்டில் அதையேதான் பேசிக்கொண்டிருக்கிறேன், இப்போது நீ மாட்டிக்கொண்டாய்.

2017-க்குப் பிறகு இங்கே நடந்துவந்த ஆண்கள் போட்டி புனேவுக்குப் போனதும் நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஏக்கம் வரும். 2008-இல் பெங்களூரில் செரீனா ஜெயித்தாரே, அதற்கப்புறம் இந்தியாவில் டபிள்யூடிஏ (உலகப் பெண்கள் டென்னிஸ் சங்கம்) 250 அளவில் ஒரு பெண்கள் போட்டி நடப்பது இந்த 2022 செப்டம்பரில்தான். அதுவும் நம் ஊரில்! "பெரிய பேர் யாருமே வரலியே" என்று ஆபீசில் ஒருவர் சொன்னபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. பெரிய போட்டிகளில் எங்கோ உச்சாணிக் கேலரியில் உட்கார்ந்து எறும்பு மாதிரித்தான் ஆட்டக்காரர்களைப் பார்க்க முடியும், இங்கே சர்வ் போடுவதற்கு முன் அவர்கள் மூச்சு இழுத்து விடுவதுகூடத் தெரிகிறது.

தாட்யானா மரியாவை ஞாபகம் இருக்கிறதா? இரண்டாவது குழந்தை பிறந்து பதினைந்து மாதத்தில் விம்பிள்டன் அரையிறுதிவரை போன ஜெர்மன்காரர். டிவியில் அவருடைய ஸ்லைஸ், அதாவது பந்தின் அடிப்பக்கத்தைச் சீவி அடிக்கும் அடி, பந்தைச் சும்மா தள்ளிவிடுவது போலத்தான் இருக்கும். கேமரா உயரத்தில் இருப்பதால் அப்படித் தெரிகிறது என்று நேரில் பார்த்தபோதுதான் புரிந்தது. பந்து வலையை ஒட்டி வந்து தரையில் வழுக்குகிறது, எழும்புவதே இல்லை, எதிரே நிற்பவர் முழங்காலை மடக்கி மடக்கியே களைத்துப் போகிறார். நம் அங்கிதா ரெய்னா முதல் சுற்றிலேயே அவரிடம் தோற்றது வருத்தம்தான்.

கர்மன் கௌர் தாண்டி அந்த வருத்தத்தைக் கொஞ்சம் போக்கினார். இந்தப் போட்டித் தரவரிசையில் எட்டாம் இடம் தரப்பட்டிருந்த பிரான்ஸின் க்ளோயி பாக்கேயிடம் முதல் செட்டை விட்டுவிட்டு அடுத்த இரண்டையும் எடுத்தார், கேலரியே எழுந்து நின்று கத்தியது. அடுத்த சுற்றில் யூஜினி பூஷார் அவரைத் தோற்கடித்தார். 2014 விம்பிள்டன் இறுதிவரை போனவர், தோள் அறுவை சிகிச்சை முடிந்து இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறார். சென்னைப் புழுக்கத்தில் வியர்வையைத் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு பாயிண்டுக்கும் அவர் போராடியதைப் பார்த்தபோது, ரேங்கிங் எங்கே இருந்தாலும் இவர்களுக்கு ஆட்டம் ஒன்றுதான் என்று தோன்றியது.

சரி, இறுதி ஆட்டம். செக் நாட்டு லிண்டா ஃப்ருவிர்டோவா, வயது பதினேழு, ரேங்கிங் நூறுக்கு வெளியே. எதிரே போலந்தின் மக்டா லினெட், அனுபவசாலி. 2005 பிப்ரவரியில் நம் சானியா மிர்சா ஹைதராபாத்தில் டபிள்யூடிஏ பட்டம் ஜெயித்தபோது லிண்டா பிறந்திருக்கவே இல்லை, மே மாதம்தான் பிறந்தார்! முதல் செட் லினெட்டுக்கு 6-4, இரண்டாவது லிண்டாவுக்கு 6-3. மூன்றாவதில் லிண்டா 1-4 என்று பின்தங்கியதும் என் பக்கத்தில் இருந்தவர்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பவே ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பெண் முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனை விட்டுப் பின்னால் போகாமல், பந்து எழும்பும்போதே அடித்து அடித்து லினெட்டை இரண்டு பக்கமும் ஓட வைத்தார், தொடர்ந்து ஐந்து கேம் எடுத்து 6-4 என்று முடித்தார். அவருக்கு இதுதான் முதல் டபிள்யூடிஏ பட்டம், முதல்வர் கையால் கோப்பை வாங்கினார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, எந்த ஊர்ப் பெண்ணோ, ஆனாலும்.

ஒரே குறை, தொடக்க நாட்களில் நிறைய இருக்கைகள் காலியாக இருந்தன. பள்ளிப் பெண்களை பஸ் வைத்தாவது கூட்டி வந்து உட்கார வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். 1998 ஆஸ்திரேலியன் ஓபனில் முதல் சுற்றைத் தாண்டிய நிருபமா வைத்தியநாதன் கோயம்புத்தூர்க்காரர்தானே, இன்னொருவர் வர வேண்டாமா?

உன் மகள் ராக்கெட் பிடிக்க ஆரம்பித்திருக்கிறாள் என்று போனில் சொன்னாய். அடுத்த முறை நடத்தினால் அவளைக் கூட்டிக்கொண்டு வாடி, எங்கள் வீட்டிலேயே தங்கலாம், டிக்கெட் என் பொறுப்பு. அப்புறம், உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, டாக்டரிடம் போனாயா இல்லையா? மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய டபுள்ஸ் ஜோடி